கிராண்ட் கேன்யன், ஜயான் சுற்றுப்பயணம்: எந்த மாதம் போவது?

கேள்வி: லாஸ் வேகஸில் இறங்கி, வாடகைக் காரில் ஜயான், பிரைஸ் கேன்யன், பேஜ் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆன்டலோப் கேன்யன், கிராண்ட் கேன்யன் சவுத் ரிம் (பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு) என்று எட்டு நாளில் ஒரு சுற்று வர நினைக்கிறோம். எழுபதை நெருங்கும் பெற்றோரும் பதினான்கு வயது மகனும் உடன் வருகிறார்கள். மகனுக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி நடக்க ஆசை. ஏப்ரல்–மே, ஜூன்–ஜூலை, அக்டோபர், டிசம்பர் கடைசி, இவற்றில் எது நல்லது?

பதில்: அக்டோபர் முதல் பத்து நாள். செப்டம்பர் 25 வாக்கிலேயே கிளம்ப முடிந்தால் இன்னும் நல்லது. அது தோதுப்படாவிட்டால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே நடுப்பகுதி வரை. பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்றால் ஜூன் முதல் பாதியில் முடித்துவிடுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, உங்கள் பட்டியலுக்கு, வேண்டாம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உயரக் கணக்கைப் பாருங்கள். நான்கு இடங்களும் வரைபடத்தில் அடுத்தடுத்து இருந்தாலும் வானிலை ஒன்றல்ல. பிரைஸின் விளிம்பு கடல்மட்டத்திலிருந்து 2,400 முதல் 2,700 மீட்டர். சவுத் ரிம் சுமார் 2,100. ஜயான் பள்ளத்தாக்கின் தரை சுமார் 1,200, பேஜ் 1,300. கிராண்ட் கேன்யனின் அடியில், கொலராடோ ஆற்றங்கரை ஃபேன்டம் ரான்ச் 750 மீட்டர்தான். ஜூலையில் சவுத் ரிம்மின் சராசரிப் பகல் வெப்பம் 29 டிகிரி செல்சியஸ். அதே நேரத்தில் ஆற்றங்கரையில் 41. மே மாதம் மேலே 21, கீழே 33. பிரைஸில் அந்த மாதமும் இரவில் உறைநிலையை ஒட்டித்தான் இருக்கும். எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் மாதம் என்று ஒன்று கிடையாது. எந்த மாதத்தில் தொந்தரவு குறைவு என்றுதான் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் அக்டோபர் ஜெயிக்கிறது. சவுத் ரிம் பகலில் 18, இரவில் 2, ஜயான் 25, 9, ஆற்றங்கரை 29. பிரைஸில் மட்டும் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பெற்றோருக்குத் தடித்த கோட்டும் குல்லாவும் கையுறையும் தேவைப்படுவது அங்கே சூரியோதயம் பார்க்கும் ஒரு மணி நேரத்துக்குத்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவை கட்டாயம். பத்தாம் தேதிக்குள் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் குளிர் அல்ல. மாதத்தின் நடுவில், ஜயானும் பிரைஸும் இருக்கும் யூட்டா மாநிலத்தின் பள்ளிகளுக்குச் சிறு விடுமுறை வரும். அந்த வாரக் கடைசியில் ஜயானில் ஷட்டில் பேருந்துக்கே நீண்ட வரிசை நிற்கும். பொழுதும் சுருங்கிவிடும்: அக்டோபர் நடுவில் சவுத் ரிம்மில் மாலை ஆறுக்கு முன்பே சூரியன் மறைகிறது.

அக்டோபரில் ஒரே ஒரு இழப்பு உண்டு. ஆன்டலோப் படங்களில் குறுகிய பாறைப் பிளவுக்குள் தூண் போல இறங்கும் ஒளிக்கற்றை, அதன் இரண்டு பகுதிகளில் ஒன்றான மேல் ஆன்டலோப்பில் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, உச்சிவேளையில் மட்டுமே தெரியும். அதன் பிறகு சூரியன் தாழ்ந்துவிடுவதால் வெளிச்சம் தரை வரை வருவதில்லை. பாறையின் ஆரஞ்சு நிறம் ஒளிக்கற்றை இல்லாமலே அழகுதான், அதற்காகத் தேதியை மாற்ற வேண்டியதில்லை. பெற்றோருக்கு மேல் ஆன்டலோப்பையே எடுங்கள். உள்ளே மணல் தரை, சமதளம். கீழ் ஆன்டலோப்பில் செங்குத்தான இரும்புப் படிகள் ஏறி இறங்க வேண்டும். இரண்டும் நவஹோ பழங்குடி மக்களின் நிலம். அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும்.

ஜூலை, ஆகஸ்டை ஏன் ஒதுக்கச் சொல்கிறோம்? வெயில் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி மழை. ஜூன் இந்தப் பகுதியின் மிக வறண்ட மாதம். ஜூலை தொடங்கியதும் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறிவந்து, பிற்பகல் சூட்டில் இடிமேகமாகத் திரண்டு கொட்டும். செப்டம்பர் நடு வரை இது நீடிக்கும். வெறும் பாறை தண்ணீரை உறிஞ்சாது, பெய்ததெல்லாம் நேராகப் பிளவுகளுக்குள் பாயும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதா என்பது முக்கியமே இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டலோப்பில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று ஜயானின் கீஹோல் பிளவில் 7 பேர். இரண்டாவது தேதியைக் கவனியுங்கள்: செப்டம்பர் 25க்குப் பிறகு என்று நாங்கள் சொல்வது அதனால்தான். அந்த மாதங்களில் போயே தீர வேண்டுமானால் ஆன்டலோப்புக்குக் காலைச் சுற்றைப் பதிவு செய்யுங்கள்.

ஜயானில் வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் நேரோஸ் பாதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தினமும் வெளியாகும் திடீர் வெள்ள முன்னறிவிப்பில் நான்கு படிகள் உண்டு: எதிர்பார்க்கப்படவில்லை, வாய்ப்பு உண்டு, வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டாவது படியிலேயே நேரோஸை விட்டுவிட்டு வேறு பாதைக்குப் போய்விடலாம். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து வரும் இரைச்சல் கூடினாலோ, பை, செருப்பு எதையும் தேடாமல் உடனே மேட்டில் ஏறுங்கள்.

வசந்தத்தின் பிரச்சினை வேறு. மலைப்பனி உருகி வர்ஜின் ஆறு பெருகும். ஓட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நேரோஸை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் இது வழக்கம். காற்றும் பலமாக வீசும். பேஜ் பக்கம் மணல் பறந்து கேமரா லென்ஸின் இடுக்கில் போய் உட்காரும். மற்றபடி நீண்ட பகலும் பூத்த கள்ளிகளுமாக நல்ல பருவமே. நேரோஸ் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் அக்டோபருக்கும் மேக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

டிசம்பரில் கூட்டமில்லை, பிரைஸின் சிவப்புப் பாறைத் தூண்கள் மேல் பனி படிந்திருக்கும். மார்ச் முதல் நவம்பர் வரை பேருந்துக்கு மட்டும் விடும் சவுத் ரிம்மின் ஹெர்மிட் சாலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சொந்தக் காரிலேயே போகலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் மகனின் நடை சிக்கலாகும். சவுத் ரிம்மிலிருந்து இறங்கும் பாதைகள் வடக்குப் பார்த்த சரிவில் இருக்கின்றன. குளிர்காலச் சூரியன் அங்கே எட்டுவதே இல்லை. விழுந்த பனியைக் கோவேறு கழுதைகளும் மனிதர்களும் மிதித்து மிதித்துக் கண்ணாடிப் பனிக்கட்டியாக்கிவிடுவார்கள், அது மார்ச் வரையிலும் கிடக்கும். செருப்பின் அடியில் மாட்டும் இரும்பு முள் இல்லாமல் முதல் வளைவைக்கூடத் தாண்டக் கூடாது. சில நாள் மேகம் பள்ளத்தாக்கை முழுக்க மூடி ஒன்றுமே தெரியாமல் போகும் என்பதால் அங்கே இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

மகனின் நடைக்கு, சவுத் ரிம்மிலிருந்து இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் ஓய்விடம் வரை போதும்: போக 2.4 கிலோமீட்டர், இறக்கம் 340 மீட்டர். தெம்பு இருந்தால் மூன்று மைல் ஓய்விடம், இறக்கம் 645 மீட்டர். ஏற, இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். மலையேற்றத்துக்கு இது தலைகீழ் என்பதை மறக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: காலைக் குளிர்ச்சியில் சுலபமாக இறங்கி, களைத்த பிறகு உச்சி வெயிலில் ஏறுவார்கள். ஜூனில் போனால் காலை 10 முதல் மாலை 4 வரை உள்ளே இருக்கவே கூடாது. இன்னொன்று, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறைந்து மயக்கம், குமட்டல் வரும். ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் உப்புச் சேர்ந்த ஏதாவது கொறிக்கட்டும். அங்கிருந்து இறங்கும் இன்னொரு பாதையான சவுத் கைபாப்பில் தண்ணீரே கிடையாது. பிரைட் ஏஞ்சலின் ஒன்றரை, மூன்று மைல் ஓய்விடக் குழாய்களும் குளிர்காலத்தில் மூடப்படும். மற்ற மாதங்களிலும் குழாய் உடைந்து வராமல் போவதுண்டு என்பதால் முழுத் தேவையையும் சுமந்தே போகட்டும். பெற்றோர் அந்த நேரத்தில் யவபாய் அருங்காட்சியகத்திலிருந்து கிராண்ட் கேன்யன் வில்லேஜ் பகுதி வரை தளம் போட்ட விளிம்புப் பாதையில் நடக்கலாம்.

கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பான நார்த் ரிம்மையும் சேர்க்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். வழக்கமாக மே 15க்கு முன் திறப்பதில்லை. 2025 ஜூலைக் காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோனது.

கடிகார விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பேஜும் கிராண்ட் கேன்யனும் இருக்கும் அரிசோனா மாநிலம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் கோடைக்கால நேரத்துக்கு மாறுவதில்லை, யூட்டா மாறும். மார்ச் நடு முதல் நவம்பர் தொடக்கம் வரை பேஜ், ஜயானை விட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். சுற்றியுள்ள நவஹோ நிலத்திலோ யூட்டா நேரம். பேஜில் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதன் நேரத்தைக் காட்டும் என்பதால் தானாக மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். ஆன்டலோப் சுற்றுகள் பேஜ் நேரப்படிதான் நடக்கின்றன.

பதிவு செய்யும் வரிசை: முதலில் சவுத் ரிம்முக்கு உள்ளேயே இருக்கும் விடுதி அறை, அது 13 மாதம் முன்பே திறந்துவிடும். அது கிடைத்த தேதிக்கு ஏற்ப ஆன்டலோப் சுற்று. விமானச் சீட்டு அதற்குப் பிறகு.