‘கி’யை விழுங்குங்கள்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தில் இசை பற்றி வருவதையெல்லாம் விடாமல் படிக்கிறேன். வயது 43. கல்லூரி நாட்களில் டிரம்ஸில் ராக் வாசித்தேன், கச்சேரிகளில் சினிமாப் பாட்டுக்கும் வாசித்தேன். இருபது வருடம் கழித்து, போன தீபாவளிக்கு ஒரு எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினேன். இப்போது ஜாஸ் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஜிம் சாப்பின் எழுதிய ஜாஸ் டிரம்ஸ் பயிற்சிப் புத்தகத்தை வாங்கி இரண்டாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். வலது கை செய்வதையே இடது கையும் செய்கிறது, கால் நின்றுவிடுகிறது. இரண்டு கை, இரண்டு கால், நான்கையும் தனித்தனியாக இயக்குவது இந்த வயதில் வருமா? இடது கையில் குச்சியை அந்தக் கோணலான முறையில்தான் பிடிக்க வேண்டுமா? குச்சிக்குப் பதில் கம்பி ப்ரஷ் எப்போது தொடங்கலாம்?

கே., கோவை

அன்புள்ள கே.,

முதலில் சாப்பினை மூடி அலமாரியில் வையுங்கள். 1948இல் வந்த புத்தகம், அருமையானதுதான், ஆனால் வலது கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்காக எழுதியது. உங்களுக்கு அது இன்னும் ஓடவில்லை. நான்கும் தனித்தனியாக இயங்குவது என்று நீங்கள் நினைப்பதே கொஞ்சம் தப்பு. ஒன்று கவனிக்காமலே ஓடும், மற்றவை அதன் மேல் ஏறி உட்காரும். சைக்கிள் மிதித்துக்கொண்டே பின்னால் இருப்பவரோடு பேசுகிறோமே, அப்படி. வயதெல்லாம் தடை இல்லை.

ஓட வேண்டியது ரைட் சிம்பலில் (ride, தாளம் ஓட்டும் பெரிய உலோகத் தட்டு) இருக்கும் வலது கை. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1930களின் ஸ்விங் பேண்டுகளில் ஆடுகிறவர்களுக்காக, வலது காலால் மிதிக்கும் பாஸ் டிரம் ஒவ்வொரு அடிக்கும் தும் தும் என்று விழுந்துகொண்டே இருக்கும். பேண்ட் தலைவர் கவுண்ட் பேஸியின் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் அந்தக் கனத்தைக் குறைத்து, தாளத்தை ஹை-ஹாட்டுக்கு, அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டுக்கு, கொண்டுபோனார். அப்புறம் கென்னி கிளார்க், 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற கிளப்பில் வாசித்தவர், தாளம் ஓட்டும் வேலையை முழுக்க ரைட் சிம்பலில் ஏற்றிவிட்டார். அதனால் என்ன ஆனது என்றால், வலது காலும் இடது கையும் ஓய்வாகிவிட்டன, நடுநடுவே ஒரு வார்த்தை பேச அவற்றுக்கு நேரம் கிடைத்தது. நீங்கள் சாப்பினில் முட்டிக்கொண்டது அந்தப் பேச்சோடுதான். சிம்பல் ஓடட்டும், பேச்சு அப்புறம்.

சிம்பலில் என்ன வாசிப்பது? ‘தகிட’ என்று நான்கு முறை நிதானமாகச் சொல்லுங்கள், ஒரு தகிடவுக்கு ஒரு அடி. ஒன்றாம் அடியிலும் மூன்றாம் அடியிலும் ‘த’ மட்டும் குச்சியில். இரண்டிலும் நான்கிலும் ‘த’வும் ‘ட’வும். ‘கி’ எங்கேயும் கிடையாது, அதை விழுங்கிவிடுங்கள். டிங், டிங்-க, டிங், டிங்-க. அவ்வளவுதான். (வேகம் கூடக்கூட அந்த ‘ட’ முன்னால் நகர்ந்து, இரண்டு அடிகளுக்கு நட்டநடுவே வந்துவிடும். இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.)

குச்சியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கட்டும், மற்ற மூன்று விரல்களும் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். ‘த’வை அடிக்காதீர்கள், குச்சியின் நுனியை விழ விடுங்கள். விழுந்த குச்சி தானாக எழும்பும், அப்படி எழும்பி இறங்கும்போது விரல்கள் லேசாக இழுத்தால் ‘ட’ வந்துவிடும், தனியாக மணிக்கட்டை ஆட்ட வேண்டியதில்லை. அந்த ‘ட’ தன் அடிக்குச் சொந்தமில்லை, அடுத்த அடியின் வாசலில் நிற்கும் ஆள். ராக் வாசித்தவர்கள் எல்லா அடியையும் ஒரே கனத்தில் வைப்பார்கள், நானும் வைத்தேன், தகர டப்பா மாதிரி இருந்தது.

இடது காலில் ஹை-ஹாட். இரண்டிலும் நான்கிலும் ‘சிக்’ என்று மூட வேண்டும். நமக்கு இது தலைகீழ், ஏனென்றால் தாளம் போட்டுப் பழகிய கை முதல் அடியில்தான் கனமாக விழும். இதற்கு ஒரு வழி: மெட்ரனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60இல் வைத்து, அது தட்டுவதை ஒன்று, மூன்று என்று எண்ணாமல் இரண்டு, நான்கு என்று எண்ணுங்கள். உங்கள் வேகம் 120 ஆகிவிடும். முதல் நாள் ஒரு நிமிடத்தில் கவிழ்ந்துபோய் மெட்ரனோம் உங்கள் ஒன்றில் வந்து நிற்கும். ஒரு வாரம் கவிழட்டும், பரவாயில்லை. பாஸ் டிரம்மை நான்கு அடிக்கும் மிதிக்கலாம், ஆனால் பக்கத்து அறைக்குக் கேட்டால் அதிகம்.

இந்த மூன்றும் ஓடினால் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ என்ற பாட்டைப் போட்டுக்கொண்டு அதில் டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காபோடு சேர்ந்து வாசியுங்கள். இடது கையைத் தொடையில் வைத்துவிடுங்கள். அது 12 பார் ப்ளூஸ், அதாவது நான்கு நான்கு அடியாக 12 முறை, மறுபடி முதலிலிருந்து. யார் சோலோ வாசித்தாலும் இந்தச் சுற்று மாறாது. சுற்று எங்கே முடிகிறது என்று எண்ணாமலே தெரியும்வரை அதே பாட்டு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிகாகோவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு திங்கட்கிழமை ஜாமில், வந்தவர்கள் ஏறிச் சேர்ந்து வாசிக்கும் கூட்டத்தில், தைரியமாக ஏறி உட்கார்ந்தேன். படித்த வித்தையெல்லாம் இடது கையில் இறக்கினேன். பியானோ முடிந்து ‘ஃபோர்ஸ்’ வந்தது, அவர்கள் நான்கு பார், டிரம்ஸ் நான்கு பார், மாறி மாறி. என் முதல் நான்கு பார் நாலேமுக்காலாக முடிந்தது. பாஸ் என்ற தந்தி வாத்தியம் வாசித்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தபோது, “பாட்டு தெரியுமா உனக்கு?” என்று மட்டும் கேட்டார். தெரியாது. டிரம்ஸுக்கு எதற்குப் பாட்டு என்று நினைத்திருந்தேன். இப்போது எந்தப் பாட்டானாலும் மெட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே வாசிக்கிறேன், குரல் வெளியே வந்துவிடுகிறது என்று வீட்டில் புகார்.

இடது கைப் பிடி: ராணுவ அணிவகுப்பில் டிரம்மைத் தோளில் மாட்டித் தொங்கவிட்டபோது அது ஒருபக்கம் சாய்ந்திருந்ததால் வந்த பிடி அது. உங்கள் டிரம் சாயவில்லை. இரண்டு கையிலும் ஒரே மாதிரி பிடித்து வாசிக்கும் நல்ல ஜாஸ் டிரம்மர்கள் நிறைய உண்டு.

எலக்ட்ரானிக் பேடில் ஒரு குறை, நிஜ சிம்பலின் ரீங்காரத்தைக் குச்சியால் அடக்கிப் பழக அதில் முடியாது. பழையதாக இருந்தாலும் சரி, 20 அங்குல ரைட் சிம்பல் ஒன்று வாங்குங்கள். மெதுவாக வாசித்தால் அடுக்குமாடியில்கூடச் சமாளிக்கலாம், எப்படியும் மெதுவாக வாசிக்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ப்ரஷ்ஷை ரப்பர் பேடில் தேய்த்துப் பயனில்லை, அதற்குச் சொரசொரப்பான தோல் போட்ட நிஜ ஸ்னேர் டிரம் வேண்டும். அது வாங்கியதும் எழுதுங்கள்.