கூண்டைக் கழுவியதும் ஏன் கடித்துக்கொண்டன?

கேள்வி: மகன் ஆசைப்பட்டானே என்று நான்கு வெள்ளைச் சுண்டெலிகள் வாங்கினோம். நான்கும் ஒரே ஈற்று ஆண்கள். மூன்று மாதம் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கின. போன ஞாயிறு நாற்றம் தாங்காமல் கூண்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மரத்தூள், பஞ்சு எல்லாவற்றையும் மாற்றினேன். அன்றிரவே சண்டை. ஒன்றுக்கு வாலடியில் ரத்தம். நான் என்ன தப்புச் செய்தேன்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஆய்வுக்கூட விலங்கறையில் இருபத்திரண்டு வருஷம் சுண்டெலி வளர்த்தவன் நான். சேர்ந்த புதிதில் இதையேதான் செய்தேன் அம்மா. சனிக்கிழமை பளபளவென்று கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை வந்து பார்த்தால், முதுகெல்லாம் பல் பதிந்த ஒரு எலி, கீழே இறங்கப் பயந்து கூண்டின் மேல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆண் சுண்டெலி போகிற இடமெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டுக்கொண்டே போகும். கூண்டுத் தரையில் தாள் விரித்து, அதைப் புற ஊதா விளக்கில் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1973-இல் வந்தது. சண்டையில் ஜெயித்த எலியின் தாளில், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல எங்கும் துளிகள். தோற்றதன் தாளில் மூலையில் இரண்டு மூன்று தேக்கம், அவ்வளவுதான். இங்கே யார் பெரியவன் என்பது தரையிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் தேய்த்துக் கழுவியது அதைத்தான். மறுபடி முதலிலிருந்து முடிவு கட்ட வேண்டியதாகிவிட்டது.

அந்தச் சிறுநீரில் கல்லீரல் சுரக்கும் ஒருவகைப் புரதங்கள் நிறைய உண்டு. மூக்கின் அடியில் இதற்கென்றே தனியாக இருக்கும் ஓர் உறுப்பு அவற்றை உணர்கிறது. காயடித்த ஆணை இன்னொரு ஆணின் கூண்டில் விட்டால் கூண்டுக்குச் சொந்தக்கார எலி அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. காயடிக்காத ஆணின் சிறுநீரை அந்தக் காயடித்த எலிமேல் தடவி விட்டால் பாய்ந்து கடிக்கும். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 2007-இல் இந்தப் புரதங்களை மட்டும் தனியே தயாரித்துத் தடவினார்கள். அதற்கே சண்டை மூண்டது.

சரி, இனி என்ன செய்யலாம்? சிறுநீர் ஊறிய மரத்தூளை முழுக்கக் கொட்டிவிடுங்கள். சிறுநீரைக் கழுவியதால்தானே சண்டை என்று கேட்பீர்கள்; ஆனால் அந்த மரத்தூள் கொஞ்சம் தங்கினாலும் சண்டை கூடத்தான் செய்யும். ஆனால் அவை படுத்துறங்கும் கூட்டை, அந்தப் பஞ்சையும் கிழித்த தாளையும், ஈரமில்லாமல் இருந்தால் அப்படியே அள்ளிப் புதுக் கூண்டில் வையுங்கள். அதில் சேர்ந்து தூங்கிய வாசனை இருக்கிறது, சண்டை குறையும். நெதர்லாந்தில் 2000-இல் வெளிவந்த ஆய்வும் இதைத்தான் சொன்னது. எங்கள் விலங்கறையிலும் இதைத்தான் கடைசிவரை செய்தோம்.

அடிபட்டதை இன்றே தனிக் கூண்டுக்கு மாற்றி, மருத்துவரிடம் காட்டுங்கள். புண் ஆறியதும் பழைய கூண்டில் திருப்பி விட மகன் கெஞ்சுவான். விடாதீர்கள். அதற்குள் அதன் வாசனை மற்ற மூன்றுக்கும் வேற்றாள் வாசனையாகியிருக்கும்.