தொட்டில் குழந்தையின் மரபணுவும் உங்கள் மகளின் படிப்பும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்கு நீட் கைகொடுக்கவில்லை. பிறந்த குழந்தையின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, நோயை முன்கூட்டியே கண்டறியும் துறைதான் வேண்டும் என்கிறாள். அதற்கென்று ஒரு தனியார் நிறுவனம் லட்சக்கணக்கில் கேட்கிறது. தண்டையார்பேட்டை வீட்டை அடமானம் வைக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம். அதற்காக அவள் ஆசையைச் சின்னப்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தத்தைத் தாளில் உலரவைத்துச் சோதிக்கும் முறை அமெரிக்காவில் ராபர்ட் கத்ரியால் 1960-களில் பரவியது. பிறவித் தைராய்டு குறைபாட்டை இப்படிச் சீக்கிரம் கண்டுபிடித்தால், மாத்திரையாலேயே மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். இப்போது இங்கிலாந்தில் 1 லட்சம் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் மரபணுத் தொகுதியைப் படித்து, 200-க்கும் மேற்பட்ட நோய்களைத் தேடும் ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் துறைக்குள் இருப்பவர்களே இதில் ஒரே கருத்தில் இல்லை. அபூர்வ நோய் வல்லுநர்கள் 238 பேரிடம் கேட்ட ஆய்வொன்று 2023-ல் வெளிவந்தது. சிகிச்சை உள்ள நோய்களுக்காக இந்தச் சோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றவர்கள் ஏறக்குறைய 88%. எந்த மரபணுக்களைப் பார்ப்பது என்றதும் பேச்சு மாறியது. பாதிப் பேராவது ஏற்றவை 432. 85% பேர் ஏற்றவை வெறும் 25.

தயங்குபவர்களின் காரணங்களை அலட்சியம் செய்ய முடியாது. நோய் தருமா தராதா என்று சொல்ல முடியாத மாற்றங்கள் நிறையத் தென்படும். உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் குடும்பங்களில் இந்தக் குழப்பம் கூடுதல். நாற்பது வயதில் வரக்கூடிய புற்றுநோய் ஆபத்தைக் கைக்குழந்தையின் பெற்றோரிடம் சொல்வதா என்பது இன்னொரு சண்டை. குழந்தைப் பருவத்திலேயே சிகிச்சை தரக்கூடியதை மட்டும் சொல்லலாம் என்பவர்கள் பக்கம்தான் நான்.

சோதனை முடிவைக் குடும்பத்துக்கு விளக்கும் மரபணு ஆலோசகர் ஆனால், மகளின் வேலை உண்மையில் இருக்கப்போவது இங்கேதான். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீடு திரும்பிய ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்து, முடிவைச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறை வம்ச வரைபடம் எழுத வேண்டும். அத்தை மகனைக் கட்டினாளா, தாய்மாமனைக் கட்டினாளா என்று குற்றம் சாட்டும் தொனியில்லாமல் கேட்க வேண்டும். மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் கோளாறு இருந்தால் மட்டுமே வரும் ஒடுங்கு மரபணு நோய் என்றால், அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது என்பதை, மருமகளையே முறைத்துக்கொண்டிருக்கும் மாமியாருக்கும் புரியவைக்க வேண்டும். கணினித் திரையோடு மட்டுமே பழக விரும்பும் பிள்ளைக்கு இது ஒத்துவராது. அப்படிப்பட்டவள் என்றால் மரபணுத் தரவைப் பகுத்தாயும் உயிர்த்தகவலியல் பக்கம் போகட்டும். அதற்குப் புள்ளியியலும் நிரல் எழுதுவதும் கட்டாயம்.

இனி வழி. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் விலங்கியல் படிக்கட்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. பிறகு முதுகலையில் மரபியல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அந்தத் துறை இருக்கிறது. மரபணு ஆலோசனைக்கென்றே முதுகலை வேண்டுமானால் மணிப்பால் போன்ற இடங்கள் உள்ளன. மரபியல் மருத்துவராக வேண்டும் என்றால் மட்டும் எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதன்பின் டி.எம். எனும் உயர்சிறப்புப் படிப்பு என்று நீண்ட பாதை; வேறு குறுக்குவழி கிடையாது.

வேலை? தனியார் பரிசோதனைக்கூடங்களில்தான் அதிகம். பெங்களூரு, ஹைதராபாத் போக வேண்டியிருக்கலாம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. அரசுப் பணியிடங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அந்தத் தனியார் நிறுவனத்துக்கு ஒருமுறை போய், பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது, அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா, மாணவர்கள் எந்த மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சி பெறுகிறார்கள், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் முன்பணம் கட்டாமல் வந்துவிடுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை மட்டும் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.