டிரெசர் போன பிறகு

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு தனியார் ஃபார்மசியில் மருந்தாளுநராக இருக்கிறேன். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து நோய் அடங்கும்வரை எங்கள் கடையை மூடவே இல்லை. முகக்கவசம் இல்லை என்றாலும் திட்டு, விலையைச் சொன்னாலும் திட்டு. அதிகம் திட்டியது நம் ஆட்கள்தான். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். எனக்குச் சரியாகவில்லை. கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. யாருக்காவது மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று நடு இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இதே வேலையைப் பார்த்த மற்றவர்கள் நன்றாக இருக்கும்போது நான் மட்டும் ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறேன்? தோழி ஒரு தியான முகாமுக்குக் கூப்பிடுகிறாள். போகட்டுமா, அல்லது வேலையையே விட்டுவிடட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

அந்தக் காலத் தோட்டங்களில் மருந்து கொடுத்துவந்த டிரெசர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே குறிப்பெடுத்து வருகிறேன். அதில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒன்று உங்கள் கடிதத்தில் இருந்தது. அதனால்தான் இந்தப் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தியான முகாமுக்குப் போக ஆசை இருந்தால் போய் வாருங்கள். திரும்பி வந்தால் கடையில் அதே வரிசை நிற்கும், ஆள் பற்றாக்குறையும் அப்படியேதான் இருக்கும்.

‘நான் மட்டும் ஏன் பலவீனமாக இருக்கிறேன்’ என்பதை இன்னொரு முறை எழுதாதீர்கள். பணியிடத்தில் தீராமல் கிடந்த நெருக்கடியின் விளைவு என்றுதான் ‘பர்ன்அவுட்’ எனப்படும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது. நீங்கள் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து உங்கள் குணத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களையும் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்புறம், ‘அதிகம் திட்டியது நம் ஆட்கள்தான்’ என்று ஒரு வரி. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கடைக்கு வேறு யார் வருவார்கள் அம்மா? வசதி உள்ளவர் தன் டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு ஈப்போவுக்குக் கார் எடுக்கிறார். உங்களிடம் வருவது மாத்திரை உறையில் மலாயில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத கிழவி. அப்போது அவள் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், எல்லையை மூடிவிட்டார்கள், வர முடியவில்லை. தடுப்பூசிக்கு மைசெஜாத்ரா செயலியில் பதிய வேண்டும் என்கிறார்கள், அவளிடம் இருப்பதோ பட்டன் போன். எல்லா அலுவலகமும் பூட்டிக் கிடந்தபோது விளக்கு எரிந்த இடம் உங்கள் கடைதான். உள்ளே தமிழ் பேசுகிற ஒரு பெண்ணும் இருந்தாள். கிழவி ஊர் மேல் இருந்த ஆத்திரத்தை எல்லாம் அங்கே வந்து கொட்டிவிட்டாள். கொட்டியது நியாயம் என்று சொல்ல மாட்டேன். முகக்கவசம் ஒன்றுக்கு 1.50 ரிங்கிட் என்று உச்ச விலை வைத்தது அரசாங்கம். அதற்காக உங்கள் முகத்தில் காசை வீசியவன் யாராக இருந்தாலும் எனக்கும் கை ஓங்கத்தான் தோன்றும். ஆனால் அந்த வெறுப்பை இன்னமும் சுமந்துகொண்டிருக்காதீர்கள். இந்தச் சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்கள் சொல்கிறார்: உடம்பும் மனமும் வற்றிப்போவது, எதிரில் நிற்கும் மனிதர்கள்மேல் கசப்பு வருவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று படுவது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. நம் ஆட்கள்மேல் உங்களுக்கு வந்த கசப்பு அந்த இரண்டாவது.

சரி, டிரெசருக்கு வருகிறேன்.

நான் பிறந்த கித்தாத் (ரப்பர்) தோட்டத்தில் டிஸ்பென்சரி என்பது ஒரு பலகை வீடு. எனாமல் தட்டு, ஊதா மருந்து, வாசலில் ஒரு பெஞ்சு. மிக்சர் வாங்க வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். டிரெசர் அதில் மருந்தை ஊற்றி, பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா அந்தப் பல்லைப் பார்த்துத்தான் எங்களுக்கு மருந்து ஊற்றினார். அளவு தப்பியதே இல்லை.

மருந்து அவர் வேலையில் பாதிதான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நம்பாத காய்ச்சலுக்கு விடுப்புக்கான சிக் சீட்டு எழுதுவார். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறவர்களை உட்கார வைத்துப் பேசி அனுப்புவார். துரையிடம் இங்கிலீஷில் வாதாடுவார். இதற்கெல்லாம் அவருக்குச் சம்பளம் உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு. 1965ஆம் ஆண்டிலேயே தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்துவிட்டது. மதியம் 12 மணிக்கு ஜன்னல் பலகையைச் சாத்தினார் என்றால் 2 மணிக்குத்தான் திறப்பார். பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் மட்டும் விலக்கு. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்போம். அவரை இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் தோட்டங்கள் போயின. இது உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்ததைப் பார்த்துத்தான், உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சம்பந்தன், தொழிலாளர்கள் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகும் கித்தா போய் செம்பனை வந்தது, லயத்து வரிசை வீடு போய் தாமான் குடியிருப்பு வந்தது. வீட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போனோம். கோயிலை இடிக்க வந்தபோது குறுக்கே நின்றோம். தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டு மனு மேல் மனு போட்டோம். எல்லாம் சரியான போராட்டங்கள். டிரெசருக்காக மட்டும் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. படித்துக் காட்ட, புரிய வைக்க, பயம் போக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு ஆள் இருந்தார் என்பதையே மறந்துவிட்டோம். ஆனால் அந்த வேலை எங்கும் போய்விடவில்லை. கிழவிகள் அப்படியேதான் இருக்கிறார்கள், அவர்களுடைய பயமும்.

அரசாங்கக் கிளினிக் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1 ரிங்கிட்டுக்கு டாக்டரைப் பார்க்கலாம். ஆனால் அங்கிருந்த உங்கள் சக மருந்தாளுநர்கள் தலையில் தடுப்பூசி வேலையும் விழுந்தது. அன்றைக்கு வந்த ஃபைசர் குப்பியில் 1.8 மில்லி உப்புநீர் கலந்தால் ஆறு பேருக்கு ஊசி; கலந்த 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறவரிடம் கிழவி என்ன பேச முடியும்? உங்களிடம் வந்தாள். டிரெசரின் வேலை முழுவதும் உங்கள் கவுண்டருக்கு வந்து சேர்ந்தது. சம்பளம் சேரவில்லை, மதியம் சாத்துவதற்கு ஒரு ஜன்னல் பலகையும் இல்லை.

டாக்டர் சீட்டு இல்லாமலும் மருந்தாளுநர் கொடுக்கக்கூடிய சி பிரிவு மருந்து ஒன்றை விற்றால் யாருக்கு, எவ்வளவு என்று நீங்கள் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அது. அரை மணி நேரம் நின்று ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரையைப் பற்றி விளக்கி, அவர் எதுவும் வாங்காமல் போனால் அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. உங்கள் முதலாளி கணக்கைப் பார்த்தால் அந்த அரை மணி நேரம் நீங்கள் சும்மா இருந்திருக்கிறீர்கள்.

ஆகவே எழுதுங்கள். ஒரு நோட்டு வாங்கி, மருந்து விற்பது தவிர செய்ததை எல்லாம் ஒரு மாதம் குறித்து வையுங்கள். உறையைப் படித்துச் சொன்னது, விண்ணப்பப் பாரம் நிரப்பியது, மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தது, அழுதவருக்கு நாற்காலி போட்டது, எல்லாம். அதை முதலாளி முன்னால் வைத்து, தமிழ் தெரிந்த ஒரு உதவியாளர் வேண்டும் என்று கேளுங்கள். மதியம் ஒரு மணி நேரம் மருந்துப் பகுதியைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் டாக்டர் சீட்டு வேண்டிய பி பிரிவு மருந்தையும் சி பிரிவு மருந்தையும் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ‘இதெல்லாம் சேவைதானே அம்மா’ என்று முதலாளி சொல்வார். அந்தப் பேச்சுக்கு மட்டும் மயங்காதீர்கள். சேவை முழுவதையும் நீங்கள் செய்கிறீர்கள், அதைப் பார்த்து வருகிற வாடிக்கையாளர் அவருக்குக் கிடைக்கிறார்.

ஊர்ச் சங்கங்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஆண்டு விழா மண்டபத்துக்குச் செலவு செய்கிற பணத்தில், வாரத்தில் இரண்டு நாள் பட்டணத்தில் ஒரு மேசை போட்டு, பாரம் நிரப்பவும் மருந்துச் சீட்டுப் படிக்கவும் ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு உட்கார வைக்கலாம்.

வேலையை விடுவதா என்பதை முதலாளியிடம் பேசிவிட்டு எழுதுங்கள், பார்க்கலாம். அதற்கு முன்னால் அந்தப் படபடப்புக்கும் தூக்கத்துக்கும் இந்த வாரமே ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்கள். உங்கள் அலமாரியிலிருந்து நீங்களே எதையாவது எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள்.

அன்புடன்.