டிரெடிஷனல் 401கே-யிலிருந்து ராத்துக்கு மாறினால் வரி எவ்வளவு கூடும்?

401கே என்பது அமெரிக்காவில் கம்பெனி வழியாகச் சம்பளத்திலிருந்து போடும் ஓய்வுக்காலச் சேமிப்பு. டிரெடிஷனலில் போடும்போது வரி இல்லை, எடுக்கும்போது உண்டு; ராத்தில் வரியை இப்போதே கட்டிவிட்டுப் போடுகிறோம். கம்பெனித் தளத்தில் சேமிப்புச் சதவீதத்தை மாற்றப் போய், பக்கத்திலிருக்கும் ‘கன்வர்ட்’ (ஏற்கெனவே சேர்ந்ததை ராத்துக்கு மாற்றும்) பொத்தானையும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்கு அதைத் தொடாதீர்கள்.

2023-இல் எனக்கு மாதம் 1,500 டாலர் டிரெடிஷனலில் போய்க்கொண்டிருந்தது. “ராத்தில் போடுங்க மாப்ளே, ரிட்டயரானதும் ஒரு பைசா வரி கிடையாது” என்றார் மச்சான். (ராத்தில் போடத் தொடங்கி ஐந்து வருடமும், நமக்கு ஐம்பத்தொன்பதரை வயதும் ஆகவேண்டும், அதைச் சொல்லவில்லை.) மாற்றினேன். நான் 22 சதவீத வருமான வரி அடுக்கு. கைக்கு வரும் சம்பளத்தில் மாதம் 330 டாலர் குறைந்தது. பிறகு கட்ட வேண்டிய வரியை இப்போதே கட்டுகிறோம், அவ்வளவுதான். இதில் புலம்ப ஒன்றுமில்லை.

புலம்பல் எல்லாம் அந்தப் பொத்தானால்தான். ஏற்கெனவே சேர்ந்திருந்த 40,000 டாலரையும் கன்வர்ட் செய்துவிட்டேன். இனிமேல் போடும் பணத்தை மாற்றுவது வேறு, போட்டு வைத்ததை மாற்றுவது வேறு என்று அப்போது உறைக்கவில்லை. முழுத்தொகையும் அந்த வருடச் சம்பளம் போலவே வருமானத்தில் ஏறியது. வரிப் பிடித்தமும் இல்லை. ஜனவரியில் 1099-ஆர் படிவம் (ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து போன பணத்தைக் காட்டுவது) வந்தபோதுதான் விழித்தேன். வரி 8,800 டாலர்! மதுரைக்கு டிக்கெட் போட வைத்திருந்த பணம் அதில் போனது. பழையபடி திருப்பவும் வழியில்லை.

“நாளைக்கு லாபம்தானே” என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். நான் சிபிஏ (கணக்காளர்) இல்லை, ராத்துக்கு எதிரியும் இல்லை. இன்றும் அதில்தான் போடுகிறேன். சின்ன வயது, சம்பளம் இன்னும் ஏறும் என்றால் நல்லதுதான். கன்வர்ட் செய்வதென்றால் வரிக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

மச்சான் இருப்பது கலிஃபோர்னியாவில். அங்கே மாநில வருமான வரியும் உண்டு, டிரெடிஷனலில் போட்டால் அதிலும் மிச்சம். அவர் டிரெடிஷனலில்தான் போடுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது! நான் டாலஸ் பக்கம். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதைச் சொல்லித்தான் எல்லாரையும் இங்கே இழுக்கிறார்கள். வீட்டு வரி நோட்டீஸை மட்டும் ஒருவரும் காட்டுவதில்லை. அந்த வரி அதிகம் என்று ப்ரொடெஸ்ட் (ஆட்சேபம்) செய்யப் போய் அரை நாள் லீவு போனது, அவர்கள் குறைத்தது ஒரு மாத மளிகைக்குக்கூடக் காணாது. சரி, அதை விடுங்கள்.

நீங்கள் போடுவதற்கு ஈடாகக் கம்பெனி தன் பங்காகப் போடும் மேட்ச் பெரும்பாலும் டிரெடிஷனலில்தான் விழும். நீங்கள் மாறிய பிறகும் அது அங்கேயே இருப்பதைப் பார்த்து, அதையும் கன்வர்ட் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.