43 இன்ச் மலிவு டிவி: கேளுங்கள், சொல்கிறேன்

15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கும் 43 இன்ச் எல்இடி டிவிதான் இன்றைய பொருள். 32 இன்ச் வைத்திருப்பவர்களும் கேட்கலாம், உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். "எந்த பிராண்டு வாங்கலாம்" என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது. இந்த விலையில் அதே மாடல் பெயரை வைத்துக்கொண்டே உள்ளே பேனலை (படம் காட்டும் திரைப் பகுதியை) மாற்றிப் போடுவது சகஜம்.

நெல்லைச்சீமை: அண்ணே, வாங்கி ரெண்டு வருசம் ஆகுது. சத்தம் வருது, படம் வரல. பேனல் போச்சு, புது டிவி வாங்கிக்கோங்கன்னு கடைக்காரர் சொல்றார்.

பதில்: அவர் பேச்சைக் கேட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அறையை இருட்டாக்கி, டிவியை ஓடவிட்டு, மொபைல் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, போனது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம். ஆன் செய்ததும் ஒரு நொடி வெளிச்சம் வந்து அணைந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

திரைக்குப் பின்னால் எல்இடி பட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். பல்புகள் எல்லாம் சீரியல் இணைப்பு. ஒன்று எரிந்து துண்டித்துக்கொண்டால் அந்த வரிசை முழுக்க அணையும். மலிவு செட்டில் காசு மிச்சம் பிடிக்கக் குறைந்த எண்ணிக்கையில் பல்பு வைத்து, அதிகக் கரண்டில் எரிய விடுகிறார்கள். சூடு தாங்காமல் போவது அதனால்தான்.

மாற்றும்போது எரிந்த ஒரு பல்பை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். மற்றவையும் அதே அளவு எரிந்தவைதான், சில மாதத்தில் அடுத்தது போகும். முழு செட் பட்டையும் மாற்ற வேண்டும். 3 வோல்ட் பல்பா 6 வோல்ட் பல்பா, ஒரு பட்டையில் எத்தனை, பட்டையின் நீளம், லென்ஸின் அளவு, இந்த நான்கும் பொருந்த வேண்டும். புதுப் பட்டையை ஒட்டியதும், பேனல் கண்ணாடியைத் திரும்ப வைப்பதற்கு முன்பே ஒருமுறை எரியவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிலிம் போன்ற இணைப்பு மடங்கினால் அப்போதுதான் பேனல் நிஜமாகவே போகும். வீட்டிலேயே திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

சரி செய்த கையோடு மெனுவில் 'பேக்லைட்' அளவை 100-இலிருந்து 50, 60-க்கு இறக்குங்கள். 'பிரைட்னஸ்' வேறு. பெரும்பாலான டிவியில் அது கறுப்பின் அடர்த்தியைத்தான் மாற்றும், பல்பின் கரண்டைத் தொடாது.

மலைக்கோட்டை: திரையில் அங்கங்கே வட்டமாக வெள்ளை வெளிச்சம் தெரிகிறது. முதலில் ஒன்று, இப்போது மூன்று.

பதில்: ஒவ்வொரு பல்பின் மேலும் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டியிருக்கும். சூட்டில் பசை விட்டு லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது. படம் ஓடும், ஆபத்து இல்லை, ஆனால் எண்ணிக்கை கூடும். திறக்கும்போது விழுந்த மூன்றை மட்டுமல்ல, ஆட்டம் காணும் எல்லா லென்ஸையும் ஒட்டச் சொல்லுங்கள். பேக்லைட்டை இன்றே குறையுங்கள்.

அணில்குட்டி: எந்த பிராண்டு வாங்கலாம் சார்?

பதில்: முதல் பத்தி.

கும்பகோணம் டிகிரி: கேபிளில் எல்லார் முகமும் உப்பலாகத் தெரிகிறது. செய்தியில் கீழே ஓடும் எழுத்து பாதி வெட்டுப்படுகிறது.

பதில்: இரண்டும் தனித்தனி. முகம் உப்புவது, 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுப்பதால். முதலில் செட்டாப் பாக்ஸ் மெனுவில் டிவி வகையை 16:9 ஆக்குங்கள். பிறகும் உப்பலாக வரும் பழைய படங்களுக்கு மட்டும் டிவியில் 4:3 போடுங்கள். 43 இன்ச் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. 4:3 படம் அதில் 71 செ.மீ. பிடிக்கும், இரு பக்கமும் 12 செ.மீ. கறுப்புப் பட்டை வரும். அந்தக் கறுப்பைப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் பாதி வீடுகளில் கதாநாயகிகள் குண்டாகிவிடுகிறார்கள். எழுத்து வெட்டுப்படுவதற்குக் காரணம் ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடுவது. படத்தின் அளவு பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'டாட் பை டாட்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள். மூன்று நிற ஒயரில் இணைத்திருந்தால் எச்டிஎம்ஐக்கு மாறுங்கள். அப்படியும் சாதாரண சேனல் 720×576 புள்ளிதான், பெரிய திரையில் மங்கத்தான் செய்யும். ஷார்ப்னஸை ஏற்றினால் தெளிவு கூடாது, ஓரத்தில் வெள்ளைக் கோடுதான் கூடும்.

மில்காரர்: 43 இன்ச்சுக்கு ஸ்டெபிலைசர் அவசியமா?

பதில்: பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால், ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க ஸ்டெபிலைசர் தேவையில்லை. உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை அந்த வேலையைச் செய்கிறது.

டெல்டாக்காரன்: இதை ஒத்துக்க முடியாது. எங்க தெருவுல நியூட்ரல் அறுந்தப்போ நாலு வீட்டு டிவி போச்சு. ஸ்டெபிலைசர் இருந்த வீடு தப்பிச்சுது.

பதில்: தப்பியது நியாயம்தான். அங்கே காப்பாற்றியது ஸ்டெபிலைசரின் கட்-ஆஃப் (வோல்டேஜ் எல்லை மீறினால் ரிலே என்ற சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பது), வோல்டேஜைச் சீராக்கும் வேலை அல்ல. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், லோடு குறைவாக இருக்கும் வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வரை ஏறலாம். கணக்கு இதுதான்: 230 வோல்ட் ஏசி உள்ளே நேர்மின்சாரமாகும்போது சுமார் 325. அங்கே இருக்கும் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 450 வோல்ட் தாங்கும். ஏசி 320 தொட்டாலே கணக்கு 450-ஐத் தாண்டிவிடும்.

ஒயர்மேன்: ரிலே விழுவதற்குள் வெடித்துவிடாதா?

பதில்: ரிலே விழச் சில பத்து மில்லிசெகண்ட் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் உள்ளே நீலநிற வட்டமாக வேரிஸ்டர் இருக்கிறது. அதன் மேல் 471 என்று எழுதியிருந்தால் 300 வோல்ட் ஏசி வரை சும்மா இருக்கும், அதைத் தாண்டினால் கடத்த ஆரம்பிக்கும். அதிகம் போனால் தானே ஷார்ட் ஆகி பியூஸை எரிக்கும். பவர் போர்டு பிழைக்கும். சில மெக்கானிக்குகள் எரிந்த வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு பியூஸை மட்டும் போட்டுக் கொடுக்கிறார்கள். டிவி ஓடும், அடுத்த முறை காவலுக்கு ஆள் இருக்காது. இரண்டையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

டெல்டாக்காரன்: அப்ப ஸ்டெபிலைசர் வேணும்னு சொல்றீங்க!

பதில்: கட்-ஆஃப் வேண்டும் என்கிறேன். வீட்டு மெயின் போர்டில் அதிக, குறை வோல்டேஜ் பாதுகாப்பு ரிலே ஒன்று வைத்தால் பிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும். டிவிக்கு மட்டும்தான் என்றால், கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் வாங்குங்கள், யாரும் தடுக்கவில்லை.

ஒயர்மேன்: இடிக்கு?

பதில்: இடிக்கு இரண்டுமே உதவாது. பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே கேபிள் ஒயரையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். பலரும் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். இடி கேபிள் வழியாகப் பாக்ஸுக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவியின் மெயின் போர்டுக்குப் போகும். மழை விட்டபின் "எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யவில்லை" என்று வரும் செட்டுகளில் நிறைய இந்த வகை.

மில்காரர்: இன்வர்ட்டரில் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். ஸ்கொயர் வேவ் என்றால் ஸ்பீக்கரில் லேசாக இரைச்சல் வரலாம். ஸ்டெபிலைசர் பஞ்சாயத்து இத்தோடு முடிந்தது.

சின்னப்பொண்ணு: அக்கம்பக்கத்தில் எல்லாரும் 4கே வாங்கச் சொல்றாங்க. நாங்க எட்டடி தள்ளி உட்காருவோம்.

பதில்: 4கே என்றால் புள்ளிகள் இன்னும் பொடியாக இருக்கும். 43 இன்ச்சில் அதற்குக் கீழ்ப்படியான ஃபுல் எச்டி என்றால் ஒரு புள்ளியின் அகலம் அரை மி.மீ. சாதாரணக் கண் அதைப் பிரித்துப் பார்க்க ஐந்தரை அடிக்குள் இருக்க வேண்டும். எட்டடியில் வித்தியாசம் தெரியாதும்மா. மிச்சப் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்குங்கள். இந்த விலை டிவியில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் இருக்கும். ஏஆர்சி (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதிய எச்டிஎம்ஐயில் சொருகி, மெனுவில் சிஇசியை (ஒரு கருவி மற்றொன்றை இயக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். சத்தம் வராவிட்டால் ஆடியோ அவுட்புட்டைப் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) ஆக்குங்கள்.

தூங்காநகரம்: சத்தம் வருது, படம் வரல, என்ன செய்ய?

பதில்: டார்ச். முதல் பதிலைப் படியுங்கள்.

பொறுமைசாலி: எச்டிஆர் படம் போட்டால் இருட்டாக இருக்கிறது. டிவியில் எச்டிஆர் முத்திரை இருக்கிறதே?

பதில்: எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை. முத்திரை, அந்த சிக்னலைப் புரிந்துகொள்ளும் என்பதற்கு. காட்டுவதற்கு வெளிச்சம் வேண்டும், இந்த பேனல்கள் பலவும் 250, 300 நிட் (வெளிச்சத்தின் அளவு) தான். செயலியிலோ, எச்டிஎம்ஐயில் சொருகும் ஓடிடி ஸ்டிக்கிலோ எச்டிஆரை அணைத்துவிட்டுப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

கொங்குதமிழன்: டிவி ரொம்ப மெதுவாக இருக்கிறது. சில ஓடிடியில் படமும் கலங்கல்.

பதில்: 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பு என்றால் மெதுவாகத்தான் இருக்கும். வேண்டாத செயலிகளை நீக்கி, கேஷை (செயலிகள் சேர்த்து வைத்த தற்காலிகத் தகவலை) அழித்தால் கொஞ்ச நாள் தாங்கும். கலங்கலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். வைட்வைன் எல்1 (படம் திருடுபோகாமல் காக்கும் பூட்டின் உயர்ந்த நிலை) சான்று இல்லாத டிவியில் பல ஓடிடிகள் 480 வரிக்கு மேல் தராது. இண்டர்நெட் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. நல்ல ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் சொருகினால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

பேரம்பேசி: 43 இன்ச்சுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, பழைய ஸ்டாக் என்கிறார் கடைக்காரர்.

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் 18 சதவீதம்தான். ஸ்டாக் எப்போது வந்தது என்பது பேச்சே இல்லை, விற்கும் தேதிதான் கணக்கு. வேறு கடை பாருங்கள்.

வேப்பமரம்: சார், திரையில் நெடுக்காக ஒரு கோடு விழுந்திருக்கிறது. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன், போகவில்லை.

பதில்: ஸ்ப்ரே அடித்ததால்கூட வந்திருக்கலாம். திரையில் அடித்த நீர் வழிந்து கீழ் விளிம்பில் இறங்கும். பல செட்டில் பேனலின் பிலிம் இணைப்புகள் அங்கேதான் இருக்கும். ஈரம் பட்டு அரித்தால் நெடுக்குக் கோடு. மலிவு செட்டில் இதைச் சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகாது. ஒரு கோடுதான் என்றால் அப்படியே பாருங்கள். இனி மைக்ரோஃபைபர் துணியைப் பிழிந்து துடைத்தால் போதும், எதையும் திரையில் நேராக அடிக்காதீர்கள்.

நெல்லைச்சீமை: அண்ணே, டார்ச் அடிச்சேன், படம் தெரியுது!

பதில்: அப்படியானால் பட்டை மாற்றித் தரும் ஆளைப் பிடியுங்கள். டிவியைப் படுக்கப் போட்டுக் கொண்டுபோகாதீர்கள், நிமிர்த்தியே வைத்து, திரைப் பக்கம் தெர்மாகோல் கொடுத்து எடுத்துப் போங்கள்.