நொதிகலனுக்குள் எத்தனை டிகிரி?

கேள்வி: வீட்டில் ஏல் வகை பீர் தயாரிக்கிறேன். நொதிகலனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, வெப்பநிலைக் கட்டுப்படுத்தியை 20 டிகிரி செல்சியஸில் அமைத்து, அதன் சென்சாரைப் பெட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். அளவு ஒரு நாளும் தவறவில்லை. ஆயினும் பீரில் வாழைப்பழ வாசனையும் தொண்டையை எரிக்கும் காரமும் வருகின்றன. பிழை எங்கே?

பதில்: தங்கள் சென்சார் காட்டிய 20 டிகிரி, பெட்டிக்குள் இருந்த காற்றின் வெப்பநிலை. ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும்போது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது கலனுக்குள் உள்ள திரவம் சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி வரை சூடேறிவிடக்கூடும். ஏல் ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி வரை உகந்தது. தங்கள் ஈஸ்ட் அநேகமாக 24, 25 டிகிரியில் உழைத்திருக்கிறது. அந்தச் சூட்டில் ஐசோஅமைல் அசிட்டேட் என்னும் எஸ்டர் மிகுந்து வாழைப்பழ வாசனை எழுகிறது. ஜெர்மானியக் கோதுமை பீரில் இதே வாசனையை விரும்பியே வரவழைக்கிறார்கள் என்றாலும், தங்கள் ஏலுக்கு அது பொருந்தாது. தொண்டை எரிச்சலுக்குக் காரணம், உடன் பெருகும் ஃபியூசல் ஆல்கஹால்கள் என்னும் கனமான ஆல்கஹால் வகைகள். இவை உருவான பிறகு பீரைக் குளிர வைத்தாலும் நீங்குவதில்லை.

சென்சாரைக் கலனின் வெளிப்பக்கத்தில், திரவ மட்டத்துக்குக் கீழே ஒட்டி, பெட்டிக் காற்று படாதவாறு அதன்மேல் தடித்த ஸ்பாஞ்ச் துண்டை வைத்துக் கட்டுங்கள். எளிய ஏற்பாடுதான், ஆனால் அதன் பிறகு கட்டுப்படுத்தி பீரின் சூட்டுக்கு ஏற்பவே இயங்கும். ஒரு டிகிரி ஏற்ற இறக்கத்தை அனுமதித்து, கம்ப்ரசர் அடிக்கடி நின்று இயங்கிப் பழுதாகாமலிருக்கச் சில நிமிட இடைவெளியும் அமைத்துவிடுங்கள்.

முதல் மூன்று நாள்களில்தான் மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் வாசனைப் பொருள்களில் பெரும்பகுதி ஈஸ்ட் பெருகும் அந்தக் காலத்திலேயே உருவாகிறது. எனவே மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் சாற்றை 18 டிகிரிக்கு ஆறவைத்த பிறகே ஈஸ்ட்டைச் சேருங்கள். சூடான சாற்றில் ஈஸ்ட்டைக் கலந்துவிட்டுப் பெட்டி குளிர்விக்கட்டும் என்று விடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நொதித்தல் தணியத் தொடங்கியதும் 20, 21 டிகிரிக்கு உயரவிட்டால், வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட்டே மீண்டும் உட்கொண்டு குறைத்துவிடும்.

கேள்வி: நொதிகலனை வைக்கத் தனிக் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் என்ன செய்வது?

பதில்: அகன்ற தொட்டியில் நீர் நிரப்பிக் கலனை அதில் அமர்த்தி, உறையவைத்த நீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றி வாருங்கள். நீர் மெதுவாகவே சூடேறுவதால் பீரின் வெப்பநிலை திடீரென்று தாவாது. கலனின் பக்கத்தில் ஒட்டும் பட்டை வெப்பமானியே அளப்பதற்குப் போதும். ஏறத்தாழ 9 முதல் 13 டிகிரியில் நொதிக்க வேண்டிய லாகர் வகை பீரை இம்முறையில் முயல வேண்டாம். வெப்பத்தைக் குறைக்கவே இயலாத இடமென்றால், நார்வேயின் பண்ணை வீடுகளில் வழிவழியாகக் காக்கப்பட்டு வந்த க்வைக் ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அவ்வகைகளில் பல 30 டிகிரிக்கு மேலும் எரிச்சலற்ற பீரைத் தருகின்றன.